குதிகால் படாத நடை

"இந்த நடைக்குச் சொந்தக்காரங்க மட்டும் என் கண்ணுல பட்டா, நிக்க வச்சு நாலு கேள்வி கேப்பேன்!"

அவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். தலைமுடியிலிருந்து மழைத்தண்ணீர் கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. குடையை மடக்கக்கூடத் தோன்றவில்லை.

அறை நடுவில் சக்கர நாற்காலியில் ஒருவன். பாதி முகத்தைக் கறுப்பு வி.ஆர். கண்ணாடி மறைத்திருந்தது. நடப்பவனைப்போல் இரண்டு கைகளையும் மாறி மாறி வீசிக்கொண்டிருந்தான். கால்கள் மட்டும் நாற்காலியின் பலகைமேல் அசையாமல் இருந்தன.

"என்னக்கா, சத்தத்தையே காணோம்? நீங்களே சொல்லுங்க, நடையா இது? பின்னாடி நாய் துரத்துற மாதிரி! வலது குதிகால் தரையில படவே மாட்டேங்குது. திருப்பம் வந்தா ஒரு அரைத் துள்ளல் வேற. என் பசங்க எவனாவது இப்படி நடந்திருந்தா, அன்னைக்கு மைதானத்தைச் சுத்த விட்டே கொன்னிருப்பேன்!"

உள்ளே வந்தது பயிற்சி கொடுக்கும் பிசியோ அக்கா என்று நினைத்துக்கொண்டு பேசுகிறான். அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆகாமல் என்ன செய்யும்? அந்த நடை... அவளுடையது!

தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்காக அவளுடைய கம்பெனி செய்தது அந்த வி.ஆர். பெட்டி. உணர்வே இல்லாத காலில்கூடச் சிலருக்குத் தீயாய் எரிகிற வலி வரும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைகளை வீசினால், குனிந்து பார்க்கும்போது தன் கால்களே ஒரு தெருவில் நடப்பதுபோல் தெரியும். எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு அதில் எரிச்சல் கொஞ்சம் அடங்கும். தெரு, மரம், திருப்பம் எல்லாம் அவள்தான் வரைந்தாள். நடையைப் பதிவு செய்கிற அன்றைக்கு, நடந்து காட்ட வேண்டிய ஆள் வரவில்லை. காத்திருக்க யாருக்குப் பொறுமை? சென்சார் பட்டைகளைத் தன் காலிலேயே கட்டிக்கொண்டு, விறுவிறுவென்று நடந்து முடித்துவிட்டாள். பிறவியிலேயே அவள் அப்படித்தான். உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டாள். "கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுப் பொறந்தவ" என்று அம்மா சொல்லாத நாளே கிடையாது.

"பிடிக்கலைன்னா கழட்டி வச்சுட்டுப் போங்களேன்!" என்றாள் வெடுக்கென்று.

வீசிய கைகள் அப்படியே நின்றன. அவன் மெல்லக் கண்ணாடியைக் கழற்றினான்.

அப்போதுதான் அந்தக் கண்கள்... வெளிச்சத்துக்குச் சுருங்கி, அறையெல்லாம் அலைந்து, அவள் மேல் வந்து நின்று... அப்புறம் நகரவே இல்லை. நெற்றியில் கண்ணாடி அழுத்திய சிவப்புக் கோடு. கோபப்பட வேண்டியவள், இந்தக் கோடு மறைய எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துக்கொண்டு நிற்கிறாள். சரியான பைத்தியம்!

"நீங்க... அக்கா இல்லையே?"

"இல்ல. பெட்டியைச் செஞ்ச கம்பெனி. சரியா ஓடுதான்னு பார்க்க வந்தேன்."

"ஓடுது மேடம், நல்லாவே ஓடுது. அதான் என் புகாரே. நடக்கச் சொன்னா ஓடுது."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். பாழாய்ப்போன சிரிப்பு வந்தேவிட்டது.

பள்ளிக்கூடத்தில் ஓட்டம் சொல்லிக்கொடுப்பவன் அவன். ஆஸ்பத்திரியில் எல்லோருக்குமே அவன் 'கோச்'தான். பைக் சறுக்கி விழுந்ததில் முதுகில் அடி. இடுப்புக்குக் கீழே இனி அசைவு வராது என்று சொல்லிவிட்டார்கள். அதைக்கூட, பாடவேளை மாறிவிட்டது என்று மாணவர்களுக்கு அறிவிப்பதுபோலத்தான் அவளிடம் சொன்னான்.

"யாரோட நடைங்க அது?"

"அது... தெரியல. யாரோ."

"யாரா இருந்தாலும், முழங்கால் போயிடும்னு சொல்லி வைங்க."

"சொல்றேன். மாத்தியும் தரேன், போதுமா?"

ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டிய வேலைதான். ஆனால் பாருங்கள், கண்ணாடியின் பட்டை தளர்ந்திருக்கிறதாம்... வந்தாள். சார்ஜரை மறந்து வைத்துவிட்டாளாம்... வந்தாள். மறந்தது என்னவோ வேண்டுமென்றேதான். "ஒரு பெட்டிக்கு இவ்வளவு வைத்தியமா! என் பேஷண்டுக்குக்கூட நான் இவ்வளவு பார்த்ததில்லம்மா" என்று பிசியோ அக்கா கண்ணைச் சிமிட்டினாள்.

பலூன் விளையாட்டு என்று ஒன்று இருந்தது. கண்ணாடிக்குள் பறக்கிற பலூன்களை, உட்கார்ந்தபடியே எட்டித் தொட வேண்டும். இடுப்பு நிலைப்பதற்கான பயிற்சி. ஒருநாள் அவன் ரொம்பவே எட்டிவிட்டான். உடம்பு ஒரு பக்கமாய்ச் சரிய, பாய்ந்துபோய் அவன் கையைப் பிடித்தாள்.

"விழ மாட்டேங்க. விடுங்க."

விட்டாள்.

"உடனே விடணும்னு சொல்லலையே..." என்றான், கண்ணாடிக்குள்ளிருந்து.

அன்று இரவு அவள் சாப்பாட்டுத் தட்டோடு வீடு முழுக்க நடந்தாள். "உக்காந்து சாப்பிட்டா என்ன, நாற்காலியில முள்ளா இருக்கு?" என்றாள் அம்மா. முள் எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

கடைசியில் புது நடை தயாராகிவிட்டது. அழகாய் நடக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, அவன் சொன்ன குறைகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்து, அலுவலகத்தில் சண்டை போட்டு வாங்கி வந்தாள். குதிகால் பதிந்தது. திருப்பம் வழவழவென்று திரும்பியது. பரிசுக் கோப்பையை நீட்டுகிறவள்போல் முகமெல்லாம் சிரிப்போடு நின்றாள்.

அவன் மாட்டிக்கொண்டு கைகளை வீசினான். வீச்சு மெதுவானது... நின்றது. கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"நல்லா இருக்கு. தப்பே இல்ல."

அவ்வளவுதானா? ஒரு கேலி இல்லை, ஒரு 'மேடம்' இல்லை. அந்தக் கண்கள் அவள் பக்கமே வரவில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். போகிறான் போ என்று அவளும் விடுவிடுவென்று வந்துவிட்டாள். இனி அந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை என்று தீர்மானம் வேறு.

தீர்மானம் செய்தால் மட்டும் மனசு அடங்கிவிடுமா? ஒரு வாரம் வேலை ஓடவில்லை. செல்போனை எடுப்பதும் வைப்பதுமாகக் கிடந்தாள். ஒரு மத்தியானம் அதுவே அடித்தது. பிசியோ அக்கா.

"இன்னைக்கு உன் கோச்சுக்கு டிஸ்சார்ஜ். வண்டி கொண்டுவர அண்ணன்காரர் போயிருக்கார். நீ மாத்திட்டுப் போனதுலேருந்து அவன் அந்தப் பெட்டியைத் தொடவே இல்லம்மா. எரிச்சல்ல பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கான். கேட்டா, 'அந்தப் பொண்ணை இனிமே வரச் சொல்லாதீங்க'ங்கிறான். என்ன பண்ணினே அவனை?"

என்ன பண்ணினேன்... நான் என்ன பண்ணினேன்? போய்விட்டால்? அவன் வீடு எங்கே என்றுகூடத் தெரியாதே! லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் பிடித்தாள். மழை. பஸ் நெரிசலில் நின்றது. இறங்கி ஓடினாள். குடை பஸ்ஸோடு போனது.

ஆஸ்பத்திரி முகப்புக் கூரையின் கீழே அவன் உட்கார்ந்திருந்தான், மடியில் பெட்டி. பக்கத்தில் பிசியோ அக்கா. அவள் வாசலில் நுழைந்து, பூச்செடிகள் ஓரமாய்த் திரும்பி, தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு ஓடிவருவதை அவன் பார்த்தான்.

"நில்லுங்க கோச்!"

"எங்க நிக்கிறது... உக்காந்துதான் இருக்கேன்."

"விளையாடாதீங்க! முதல்ல நாய் துரத்துற நடைன்னீங்க. சரின்னு தேடி அலைஞ்சு நல்லதா ஒண்ணு கொண்டாந்தேன். அதையும் தொட மாட்டேங்கிறீங்க. என் நடையும் ஆகாது, அடுத்தவங்க நடையும் ஆகாதுன்னா, நான் என்னதான்..."

வாயை மூடிக்கொண்டாள். உளறிவிட்டாள்!

"தெரியும்" என்றான் அவன்.

"என்ன தெரியும்?"

"உங்க நடைன்னு. நீங்க சார்ஜரை மறந்துட்டுப் போனீங்களே, அன்னைக்கு ஜன்னல்ல பார்த்தேன். பஸ்ஸுக்கு ஓடினீங்க. அந்தச் செடிகிட்ட திரும்பும்போது ஒரு அரைத் துள்ளல். என் பசங்களை முதுகுப் பக்கமிருந்தே நடையை வச்சுப் பேர் சொல்லுவேங்க. தினமும் நானே போட்டுக்கிற நடை... தெரியாமப் போயிடுமா?"

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"சொன்னா, அப்பவே கூச்சப்பட்டு எடுத்திருப்பீங்க." அவன் பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டே பேசினான். "எரிச்சல் அடங்குச்சு, அது சரி. அதுக்கும் மேல ஒண்ணு இருந்துச்சு. அடிபட்டதுலேருந்து எனக்கு எங்கயுமே போகணும்னு தோணலைங்க. உங்க நடையைப் போட்டுக்கிட்டா மட்டும், எங்கயோ போகணும், அங்க யாரோ நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்கன்னு தோணும். அதை மாத்திட்டு வந்து சிரிச்சுக்கிட்டு நின்னீங்க. நீங்களே என்னை விட்டுப் போயிட்ட மாதிரி இருந்துச்சு."

"நீங்கதானே மாத்தச் சொன்னீங்க?"

"ஆமா, வாய்க்கொழுப்பு. அப்புறம் திருப்பிக் கேக்க வாய் வரலை. உங்க கால் இல்லாம என்னால முடியலைன்னு ஒரு பொண்ணுகிட்ட எப்படிங்க கேக்கறது? கேட்டா பரிதாபப்பட்டுக் குடுப்பீங்க. அந்தப் பரிதாபம் வேணாம்னுதான்..."

"பரிதாபமா?" அவளுக்குக் கண்ணீரும் கோபமும் ஒன்றாக வந்தன. நல்லவேளை, முகமெல்லாம் ஏற்கெனவே மழை. "பரிதாபப்படறவ இப்படித் தொப்பலா நனைஞ்சுக்கிட்டு வந்து சண்டை போடுவாளா? பிடிச்சிருக்குங்க! உங்களைப் பிடிச்சிருக்கு. அந்தக் கண்ணாடியைக் கழட்டினீங்களே, அன்னைக்கே பிடிச்சுப்போச்சு. போதுமா?"

சொல்லிவிட்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பையைத் திறந்து கேபிளைத் தேடினாள். "பெட்டியைக் குடுங்க. பழைய நடையையே ஏத்தித் தரேன். வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

அவன் உடனே கொடுக்கவில்லை.

"ஏத்துங்க. வலிக்கு அது வேணும், அதுல இனிமே வீம்பு பண்ண மாட்டேன். ஆனா அது மட்டும் எனக்குப் போதாது."

"வேற என்ன வேணும்?" என்றாள், பெட்டியை வாங்கிக் கேபிளைச் செருகியபடி.

"இதுல நீங்க எனக்குள்ள நடக்கறீங்க." அந்தக் கண்கள் நிமிர்ந்து, முதல் நாளைப்போலவே அவள் மேல் வந்து நின்றன. "எனக்கு... நீங்க என் பக்கத்துல நடக்கணும்."

மழை கூரையில் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"எனக்கு மெதுவா நடக்கத் தெரியாதே கோச்..."

"உங்களை யாரு மெதுவா வரச் சொன்னது? சரிவுல விட்டேன்னா நீங்கதான் பின்தங்குவீங்க!"

"கால்ல சக்கரம் கட்டினவன்னு எங்கம்மா என்னைத் திட்டுவாங்க."

"அப்ப ஜோடிப் பொருத்தம் பிரமாதம்."

"ஐயோ சாமி!" என்றாள் பிசியோ அக்கா. "வண்டி வர்ற வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வாங்க ரெண்டு பேரும். நான் இந்தப் பெட்டியைப் பார்த்துக்கறேன். இல்லன்னா இன்னைக்கு என் கண்ணுல தண்ணி வர வச்சுடுவீங்க."

மழை தூறலாகியிருந்தது. செடிகளை ஒட்டிய ஈரப் பாதையில் அவன் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போக, அவள் பக்கத்தில் நடந்தாள். நாற்காலியின் கைப்பிடி மேல் அவள் விரல்கள். முதல் திருப்பத்தில் அந்த அரைத் துள்ளல் தானாக வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அது இருக்கட்டும். அதைத் திருத்தாதீங்க" என்றான்.

கொஞ்ச தூரம் போனார்கள். அவன் குனிந்து அவள் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"அப்படி என்ன பார்க்கறீங்க?"

"வலது குதிகால்... தரையில படுது."

அவளும் குனிந்து பார்த்தாள். ஆமாம்... பதிந்துதான் இருந்தது. பின்னால் அண்ணன்காரரின் வண்டி ஹாரன் அடித்தது. இருவருமே திரும்பவில்லை.

"இனிமே எதுக்கு ஓடணும்?" என்றாள் அவள். "அதான்... வந்து சேர்ந்துட்டேனே."