இடது கை வரி

பிரிசில்லா வாசிக்காத சுரங்கள் இடது கை வரியில் இருந்தன.

கிறிஸ்துமஸுக்காகத் தானே மெட்டமைத்த பாட்டைப் பியானோவில் வாசித்து டேப்லெட்டில் பதிவு செய்திருந்தாள். காதில் விழுவதை எல்லாம் அதிலுள்ள ஏஐ செயலி நோட்டேஷனாக, வலது கைக்கு மேலே ஒரு வரி, இடது கைக்குக் கீழே ஒரு வரி என எழுதிக் கொடுத்துவிடும். பிசகு இருந்தால் விரலால் தொட்டு அழிக்கலாம், மாற்றலாம். மெட்டு சுத்தமாகத்தான் வந்திருந்தது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம், கடைசிக் கோட்டுக்கும் கீழே, ஒரே தாழ்ந்த சுரம். மூன்று முறை, சிறு இடைவெளி, பிறகு இரண்டு முறை.

தறிச் சத்தம் எப்படியோ உள்ளே புகுந்துவிட்டது என்று நினைத்தாள். சோமனூரில் அது ஏறாத பதிவு ஏது? அப்புறம்தான் உறைத்தது, பதிவு செய்த அன்று கரண்ட் ஷட்டவுன். ஒரு தறியும் ஓடவில்லை. பதிவைப் போட்டுக் கேட்டாள். பியானோ மட்டுமே கேட்டது. மெஷினுக்குத்தான் காது கோளாறு என்று முடிவுகட்டி, அந்தச் சுரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு அழித்தாள்.

எதற்கும் இன்னொரு முறை பதிவு செய்துவிடலாம் என்று மறுநாள் மதியம் பியானோ அறைக்குப் போனாள். தறிக்கூடத்தை ஒட்டிய அந்த அறை கொழுந்தன் சசிகுமாரின் ஏற்பாடு. ஜன்னல் கிடையாது. சத்தம் புகாதிருக்கச் சுவர் முழுக்கப் பனியன் வேஸ்ட் துணி மூட்டைகளை நெருக்கி அடுக்கியிருந்தான்.

“உள்ள நின்னு கத்துனாலும் வெளிய ஒரு பொட்டுச் சத்தம் வராதுங்க அண்ணி. அண்ணனைத் திட்டோணும்னா இங்க வந்து திட்டிக்கங்க” என்று சிரித்திருந்தான்.

கதவைச் சாத்தியதும் தறிகளின் தடதடப்பு கத்தரித்ததுபோல நின்றது. சாயவாடையும் மெஷின் எண்ணெய் வாடையும் மூட்டைகளிலிருந்து கசிந்து வந்து மூக்கை அடைக்க, தன் மூச்சே தனக்கு அந்நியமாகக் கேட்கும் அந்த அமைதியில் டேப்லெட்டைப் பியானோமேல் சாய்த்துப் பதிவை ஓடவிட்டாள். பியானோவின் மூடியைத் திறக்கப் போனபோதுதான் போனை வீட்டிலேயே வைத்துவிட்டது நினைவுக்கு வந்தது. எடுத்துவரத் திரும்பினாள்.

கதவின் கைப்பிடி சும்மா சுழன்றது. இழுத்தாள். கையோடு வந்துவிட்டது.

“சசி” என்று கூப்பிட்டாள். குரல் மூட்டைகளுக்குள் அமிழ்ந்தது. அந்தப் பக்கம் தறிகள் ஓடிக்கொண்டிருக்கும். யார் காதில் விழும்? முஷ்டியால் கதவை மூன்று முறை இடித்தாள். வலித்தது. கையை உதறிவிட்டு, உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினாள். மறுபடி இடித்தாள். மறுபடி தட்டினாள்.

நெடுநேரம்.

மூச்சு வாங்கத் திரும்பியவள் திரையைப் பார்த்தாள். அவள் தட்டியதை எல்லாம் எழுதியிருந்தது. இடது கை வரியில், கடைசிக் கோட்டுக்கும் கீழே. மூன்று. இடைவெளி. இரண்டு.

நேற்று அழித்த அதே சுரங்கள்.

அப்படியானால் அன்று, அவள் வாசித்துக்கொண்டிருந்தபோது, யாரோ இந்தக் கதவை...

வலது கை வரியில் ஒரு சுரம் தோன்றியது. அடுத்தது. அவளுடைய பாட்டு. நிதானமாக, பிசகில்லாமல்.

பியானோவின் மூடி மூடியே இருந்தது. அறையில் ஒரு சத்தமும் இல்லை.

பாட்டு முடிந்தது. பிறகு, கீழே இருந்த சுரங்களில் முதலாவது மறைந்தது. இரண்டாவது. மூன்றாவது. நேற்று அவள் செய்ததுபோலவே, யாரோ பொறுமையாகத் தொட்டுத் தொட்டு அழித்துக்கொண்டிருந்தார்கள்.

பாய்ந்துபோய் இரண்டு கைகளாலும் கதவை அறைந்தாள்.

அந்தச் சத்தம் அவளுக்கே கேட்கவில்லை.