பயனடையும் இடத்தின் பெயர்

காலை ஐந்து மணிக்கு ஏழாம் குமிழின் வாசலில் எல்லோரும் தங்கள் மூத்திரத்தோடு வரிசையில் நின்றார்கள். அதைக் கொடுத்தால்தான் முகம் கழுவத் தண்ணீர் கிடைக்கும். ஆளுக்கொரு கேன், கேனில் பெயரும் எடையும். குளிரில் விறைத்த இணைப்புப் பாதையில் அரை கிலோமீட்டர் நடந்து, மீள்நீர் நிலையத்தின் வெளிச்சுவரில் பதித்திருக்கும் புனலில் ஊற்ற வேண்டும். பக்கத்திலேயே ஒரு குழாய். பத்துப் பங்கு ஊற்றினால் ஆறு பங்கு நல்ல தண்ணீராகத் திரும்பும். உடம்புக்கு முடியாமல் குறைவாகப் போனவர்களுக்கு அன்றைக்குக் குடிக்கவும் குறைவுதான்.

செவ்வாயில் புதுத் தண்ணீர் என்று ஒன்று கிடையாது. குடித்தது, கழித்தது, வியர்த்தது, மூச்சில் விட்டது எல்லாமே நிலையத்துச் சவ்வுகளில் வடிந்து மறுபடி குடிநீராகச் சுற்றிவரும். எது யாருடையது என்று சவ்வுக்குத் தெரியாது. குடியிருப்பெல்லாம் காற்றடைத்த ஏழு குமிழ்களுக்குள்தான். முதல் ஆறு குமிழ்களில் வீட்டுக்கு வீடு குழாய் உண்டு. போவதும் வருவதும் சுவருக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். ஏழாம் குமிழுக்கு மட்டும் முப்பது வருடமாகக் குழாய் இல்லை. அந்தச் சவ்வுகளை நாள் தவறாமல் கழுவி மாட்டுகிறவர்கள் ஏழாம் குமிழ்க்காரர்கள்தான்.

வரிசையின் ஓரமாக நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் பொற்கொடி. அவள் ஒரு நிதித்துணைவர். சின்னச் சின்னக் குடியேற்றங்களுக்குத் தண்ணீர் வேலைக்கும் கழிவுநீர் வேலைக்கும் எங்கே பணம் கிடைக்கும் என்று தேடிப்பிடித்து, படிவம் நிரப்பிக் கொடுத்து, வேலை முடியும்வரை பின்னாலேயே அலைவது அவளுடைய உத்தியோகம். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை திறக்கும் நீர் நிதி இந்த வருடம் திறந்திருந்தது. அதற்காகத்தான் வந்திருந்தாள்.

"எங்க குமிழ்ல பதினோரு பேருக்குக் கிட்னியில கல்லு மேடம்," என்றாள் சிந்தாமணி. இருபது வருடமாகச் சவ்வு கழுவுகிறவள். விரல் நுனியெல்லாம் அமிலம் தின்று வழவழவென்று இருந்தது. "தண்ணி பத்தலன்னு டாக்டர் சொல்றாரு. தண்ணி குடிங்கன்னு வேற சொல்றாரு. போன மாசம் என் தம்பி சம்சாரம் போயிட்டா. முப்பத்தோரு வயசு."

"இந்தத் தடவை குழாய் வந்துரும் அக்கா," என்றாள் பொற்கொடி. அப்படி வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது அவள் வேலையின் முதல் விதி. வாய் தவறிக் கொடுத்துவிட்டாள்.

அன்று மதியமே மன்றத் தலைவர் நல்லசிவத்தின் அறைக்குப் போனாள். தலைவர் எழுந்து நின்று வரவேற்றார். குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். பழைய நிலையம் இன்னும் இரண்டு மூன்று வருடம்தான் தாங்கும், புதிய நிலையம் வேண்டும், நீங்கள்தான் வழி செய்யவேண்டும் என்று நயமாகப் பேசினார்.

"காலையில எங்க போயிருந்தீங்க? தேடினோம்."

"ஏழாம் குமிழுக்கு."

"ஓ, காலனிக்கா," என்றார்.

பொற்கொடிக்குச் சுருக்கென்றது. பூமியில் அவள் பள்ளிச் சான்றிதழின் முகவரியில் அந்தச் சொல் இருந்தது. அதைப் படித்ததும் எதிரில் இருப்பவரின் குரலில் ஏறும் மாற்றத்தைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள். அவள் கையில் இருந்த நிதி ஆவணங்களில் இந்தக் குடியேற்றம் மொத்தமுமே 'செவ்வாய்க் காலனி எண் 14' என்றுதான் இருந்தது. இருபது கோடி கிலோமீட்டர் தாண்டி வந்தவர்கள், மூட்டைமுடிச்சில் எதை விட்டாலும் அந்தச் சொல்லை மட்டும் பத்திரமாக எடுத்து வந்திருக்கிறார்கள்.

"இங்க எல்லாமே காலனிதானே ஐயா?"

"அது பூமியில உக்காந்து எழுதுறவங்க கணக்கு. நாங்க ஊரு. ஒண்ணுலருந்து ஆறு வரைக்கும் ஊரு. ஏழு காலனி. மன்றத் தீர்மானமே இருக்கு."

"சரி. புது நிலையத்துல ஏழுக்கும் சேர்த்துக் குழாய் போட்டுறலாம். செலவு பெருசா கூடாது."

தலைவர் சிரித்தார். "அவங்களுக்குச் செய்யவேண்டாம்னு சொல்லல. தனியா ஏதாச்சும் பண்ணிக் குடுங்க. ஒரே குழாயில வேண்டாம். சுகாதாரம் இருக்குல்ல."

"அவங்க புனல்ல ஊத்துறதும் இதே நிலையத்துக்குள்ளதான் போகுது. அவங்க மூச்சுக்காத்துல இருக்கிற ஈரமும் இதோ, இந்த டம்ளர்ல இருக்கு."

"அது தெரியாம வருதும்மா," என்றார் தலைவர் பொறுமையாக. "தெரிஞ்சு வரக்கூடாது."

பொற்கொடிக்கு அந்த டம்ளரை அவர் மேஜையில் கவிழ்த்துவிட்டு எழுந்து போகலாம் போலிருந்தது. செய்யவில்லை. பதினோரு பேரின் சிறுநீரகம் அவளைப் பிடித்து உட்கார வைத்தது. படிவத்தை எடுத்து அவர் முன் வைத்தாள். 'பயனடையும் இடத்தின் பெயர்' என்ற கட்டத்தைக் காட்டினாள்.

"ஐயா, ஒண்ணு சொல்லிடறேன். இந்த நிதி காலனிகளுக்கு மட்டும்தான். நிதியோட முதல் விதியே அதுதான். அதனால ஏழு குமிழையும் சேர்த்து 'காலனி எண் 14'ன்னு ஒரே பேராப் போடுங்க. இல்லன்னா சிக்கலாகும்."

நல்லசிவத்தின் முகம் கறுத்தது. "எங்களைக் காலனின்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்றீங்களா? எங்க பிள்ளைங்களுக்குப் பொண்ணு மாப்பிள்ளை எடுக்க வேண்டாமா? இருக்கிறபடி எழுதுங்க. ஆறு குமிழ் ஊரு, ஒரு குமிழ் காலனி. தீர்மான நகலையும் சேர்த்து அனுப்புங்க. ஒரு எழுத்து மாறக்கூடாது."

அவள் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. எச்சரித்தாயிற்று. இனி அவர் பாடு.

நாற்பதாம் நாள் மதிப்பான் வந்தது. விண்ணப்பங்களை நேரில் பார்த்து முடிவு சொல்வதற்கென்று நிதிக்காரர்கள் செய்து வைத்திருக்கும் இயந்திரம். மனிதர்கள் பாரபட்சம் பார்ப்பார்கள் என்பதால் அந்த வேலைக்கு மனிதர்களை வைப்பதில்லை. மன்றக் கூடத்தில் ஊர் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. ஏழாம் குமிழ்க்காரர்கள் பின்சுவரை ஒட்டி நின்றார்கள். நாற்காலி இல்லாமல் இல்லை.

"தலைவர் அவர்களே, ஒன்று முதல் ஆறு வரையிலான குமிழ்கள் காலனியா?" என்று கேட்டது மதிப்பான்.

"இல்லை. ஊர்."

"உறுதியாகவா?"

"முத்திரை குத்திக் குடுத்திருக்கோமே. இன்னும் என்ன உறுதி?"

"நன்றி. ஊர்களுக்கு நிதி வழங்க எனக்கு அதிகாரமில்லை. இங்கே காலனி ஒன்றுதான் இருக்கிறது. நிதி முழுவதும் ஏழாம் குமிழுக்கு. புதிய நிலையமும் குழாய்களும் அங்கேயே அமையும். பிழை திருத்தம் இருந்தால் முப்பது நாட்களுக்குள் தெரிவிக்கலாம்."

பின்சுவர் ஓரத்தில் யாரோ ஒரு பெண் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். சிந்தாமணிதான். பொற்கொடிக்கு நெஞ்சு நிறைந்து கண் கலங்கியது. எத்தனையோ வருடமாக எத்தனையோ படிவங்களில் தோற்றவளுக்கு, திமிர் தன் கையாலேயே தன் தலையில் மண் போட்டுக்கொண்டதைப் பார்க்கக் கிடைத்தது.

முப்பது நாளும் மன்றம் கூடியது. ஒரே ஒரு சொல்லைத் திருத்தினால் ஏழு குமிழ்களுக்கும் தண்ணீர். அதைச் செய்வார்களா என்று பொற்கொடி தினமும் காத்திருந்தாள். செய்தால் அவளுக்குச் சந்தோஷம்தான். எல்லோருக்கும் ஒரே குழாய் ஓடும்.

முப்பதாம் நாள் நல்லசிவம் தாமே அவளுடைய அறைக்கு வந்தார். புதுத் தீர்மானத்தைக் கொண்டு வந்திருந்தார். ஒருமனதாக நிறைவேறியது என்றார். அவள் வாங்கிப் படித்தாள்.

'இன்று முதல் ஒன்று முதல் ஆறு வரையிலான குமிழ்கள் காலனி என்று அழைக்கப்படும். ஏழாம் குமிழ் ஊர் என்று அழைக்கப்படும்.'

"அவங்களும் ரொம்ப நாளா ஊருன்னு சொல்லுங்கன்னு கேட்டுட்டே இருந்தாங்க," என்றார் தலைவர். "குடுத்துட்டோம்."

பொற்கொடி மதிப்பானிடம் ஓடினாள். கத்தினாள். "பேரை யாருக்கு மாத்திக் குடுத்தாலும் குழாய் இல்லாதவங்க அவங்கதானே?"

"பெயர் சூட்டும் உரிமை மன்றத்துக்கு உண்டு," என்றது மதிப்பான். "குழாய் இல்லாமை தகுதி விதிகளில் இடம்பெறவில்லை."

"செத்துப்போறாங்க. அதாச்சும் விதியில இருக்கா?"

"அதற்குத் தனிப் படிவம் உள்ளது. அடுத்த முறை, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து."

அவள் சிந்தாமணியிடம் தீர்மானத்தைப் படித்துக் காட்டினாள். சிந்தாமணி அழவில்லை. தாளை வாங்கி, வழவழத்த விரலால் அந்தச் சொல்லைத் தடவிப் பார்த்தாள்.

"எங்க அப்பா ஊருன்னு சொல்லச் சொல்லிப் போராடித்தான் அடி வாங்கினாரு," என்றாள். "இப்ப அதுக்கு மதிப்பு இல்லன்னதும் எங்களுக்குத் தூக்கிப் போட்டுட்டாங்க பாருங்க மேடம்."

பொற்கொடி மேல்முறையீடு எழுதினாள். திரும்பி வந்தது. மறுபடி எழுதினாள். அதற்குள் பத்து மாதத்தில் ஆறு குமிழ்களுக்கும் புதிய நிலையம் எழும்பிவிட்டது. பதினோரு பேரில் இரண்டு பேர் குறைந்திருந்தார்கள். திறப்பு விழாவுக்கு அவளைக் கட்டாயப்படுத்தி அழைத்துப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்மணி. மூன்றாம் குமிழ்க்காரியாம். நல்ல மாதிரி, வாய் ஓயாமல் பேசினாள்.

"நீங்க இன்னும் அந்த ஊர்ப் பக்கமெல்லாம் போறீங்களாமே?" என்று கேட்டாள். ஊர் என்று சொல்லும்போது அவளுடைய மூக்கு தானாகச் சுளித்துக்கொண்டது. "பாத்து இருங்க. நான் எங்க வீட்டுப் பிள்ளைங்ககிட்ட கண்டிப்பாச் சொல்லி வெச்சிருக்கேன். நாம காலனிக்காரங்க, நமக்குன்னு ஒரு மரியாதை இருக்கு, ஊர்ப் பிள்ளைங்களோட சேரக்கூடாதுன்னு."