எட்டாவது குரல்

எட்டாவது குரலில் மட்டும் மூச்சு வாங்கவில்லை.

ராணுவக் கோடைப் பயிற்சியின் கடைசி நடை. இருபது கிலோமீட்டர், முதுகில் மூட்டை, தார் இளகி பூட்ஸைப் பிடித்து இழுக்கிற உச்சி வெயில். இன்றைக்கு அவள்தான் அணித் தலைவி. தலைவி முன்னால் நடக்க வேண்டும், திரும்பக் கூடாது. கால் மணிக்கொரு தரம் "எண்ணு" என்று கத்தி, தன் எண்ணான ஒன்றைச் சொல்லி, பின்னால் வரும் ஒவ்வொருவரும் சொல்லும் எண்ணைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எட்டுப் பேரும் போய்ச் சேராவிட்டால் தலைவி ஃபெயில். அதிகாரி வேலை அதோடு போச்சு. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து அவளைக் கல்லூரிக்கு அனுப்பிய அம்மா ஐந்தாவது வீடு தேடுவாள்.

எட்டாவது ஆள் ஊசி. ஒல்லிக்குச்சி ஜூனியர். கொஞ்சம் முன்னால்தான் கெஞ்சினாள்.

"அக்கா, கண்ணு இருட்டுதுக்கா. அஞ்சு நிமிஷம் உக்காரலாம்."

"நடிக்காதடி. உன் சொகுசுக்கு நான் ஃபெயிலாகணுமா? செத்தாலும் நடந்துக்கிட்டே சாவு."

நடுவில் யாரோ சிரித்தார்கள். பிறகு தொப்பென்று ஒரு சத்தம். அவள் திரும்பவில்லை. ஒருத்தியும் திரும்பவில்லை.

"எண்ணு! ஒன்னு!"

ஏழுவரை இரைத்து இரைத்து வந்தது. அப்புறம் அமைதி.

"எட்டு."

தூங்கி எழுந்த மாதிரி நிதானமான குரல். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

அடுத்த எண்ணிக்கையில் அந்தக் குரல் ஏழுக்கு முன்னால் இருந்து வந்தது. அதற்கடுத்து, நாலுக்கும் மூன்றுக்கும் நடுவிலிருந்து. யாரோ விம்மினார்கள். கருகிய முடி வாசனை. பிறகு பிடரிக்குப் பின்னால்.

"எட்டு."

மூச்சே படவில்லை.

முகாம் வாசலில் பயிற்சி அதிகாரி தாளைப் பார்த்தபடியே பூட்ஸ்களைப் பிரம்பால் தட்டி எண்ணினார். "எட்டு. பாஸ்." இடுப்பில் வயர்லெஸ் கரகரத்தது. "சார், ரோட்டோரமா ஒரு பொண்ணு கெடக்குது. நம்ம யூனிஃபார்ம். உயிர் இல்ல."

"உன் ஆளாம்மா?"

"இல்ல சார். எங்க எட்டுப் பேரும் இருக்கோம்."

அவர் ஜீப்பை நோக்கி ஓடினார்.

குளிர்ந்த விரல்கள் அவள் விரல்களுக்குள் நுழைந்தன. திரும்பினாள். ஆறு பேர் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார்கள். ஊசி மூடவில்லை. பாதி முகத்தில் ஜல்லி பதிந்திருந்தது. உதடுகளைத் தார் ஒட்டியிருந்தது.

அந்த உதடுகள் அசையவில்லை.

"ஒன்னு."