ஏழாம் நம்பர் அறையின் அழைப்பு மணி

வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் என் வீட்டுக்காரரும் பதினோரு இடங்கள் பார்த்தோம். ஒன்று மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவருடைய முழங்கால் முதல் மாடியிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டது. இன்னொன்று சிமென்ட் ஆலைக்குப் பின்னால். ஜன்னலைத் திறந்தால் சோற்றில் தூசி. மகள் இருப்பதோ ஒரே படுக்கையறை வீடு. அதில் அவர்களே நாலு பேர். "எங்கூட வந்துடுங்கம்மா" என்று அவள் சொல்லத்தான் செய்தாள். சொல்லும்போது அவள் கண் எங்கே போனது என்று பார்த்தேன். கட்டில் போட இடம் தேடிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டாவதாக வந்ததுதான் இந்த இடம்.

ஒரே வரிசையில் எட்டு அறைகள், முன்னால் நீளமான வராந்தா, ஒவ்வொரு அறைக்கும் பின்னால் தனிக் குளியலறை. ஒரு காலத்தில் ஏதோ ஆலையின் ஊழியர் விடுதியாக இருந்ததாம். படி ஏற வேண்டியதில்லை. நடக்கிற தூரத்தில் பேருந்து நிறுத்தம். ஒரே தடவை பணம் கட்டினால் போதும், இருவரும் உயிரோடு இருக்கும்வரை வாடகை இல்லை. எங்களுக்குப் பிறகு அறை நிர்வாகத்துக்குத் திரும்பிவிடும். அதுதான் ஒப்பந்தம்.

"நூறு வயசு இருங்கம்மா. யாரு கேக்கப் போறாங்க?" என்றார் மேலாளர். கட்டடமும் அவருடையதுதான். வாயெல்லாம் பல். அங்கே இருந்தவர்கள் முதுகுக்குப் பின்னால் அவரைச் சிரிச்சமூஞ்சி என்றுதான் சொன்னார்கள்.

எங்களுக்கு ஏழாம் நம்பர். அதை மட்டும் ஏன் மற்றதைவிடக் குறைவாகக் கொடுக்கிறார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கையைக் கடிக்காத விலைக்கு ஓர் இடம் கிடைத்தால் கேள்விகள் தொண்டையிலேயே நின்றுவிடுகின்றன.

நான் முப்பத்தோரு வருஷம் நர்ஸாக இருந்தவள். அதனால் அறைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது அழைப்பு மணியின் பொத்தான்தான். கட்டிலின் தலைமாட்டில் ஒன்று. குளியலறையில், விழுந்து கிடப்பவர்களுக்கும் எட்டும்படி தரையை ஒட்டி இன்னொன்று. பரவாயில்லை, விவரம் தெரிந்தவர்கள் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மதியம் மணி அடித்தது.

விட்டு விட்டு அடித்தது. பொத்தானை அழுத்துகிற விரல் ஓய்ந்து, திரும்பத் தெம்பைச் சேர்த்துக்கொண்டு அழுத்துவதுபோல. வார்டில் இருந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும். வேலையை விட்டாலும் என் கால்கள் இன்னும் விடவில்லை. செருப்புகூடப் போடாமல் அலுவலக அறைக்கு ஓடினேன்.

சுவரில் எட்டுச் சின்ன விளக்குகள் வைத்த பலகை. ஏழாவது விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"என்னம்மா, இப்படி ஓடி வர்றீங்க?" என்றார் மேலாளர், செய்தித்தாளில் இருந்து தலையைத் தூக்காமல்.

"மணி அடிக்குதே. எங்க ரூம்ல இருந்துதான்."

அவர் நிமிர்ந்தார். முதல் தடவையாகப் பல் தெரியாத முகத்தைப் பார்த்தேன். "அந்த மணி எப்பவோ செத்துப்போச்சும்மா" என்று பலகையின் பின்பக்கத்தைக் காட்டினார். ஏழாம் நம்பரின் ஒயர் கத்தரித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் திரும்பிப் பார்த்தபோது விளக்கு அணைந்திருந்தது.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து காதைத் தொலைத்தவர். "எனக்குக் கேக்கலையே" என்றார். பக்கத்தில் இடி விழுந்தாலும் அவர் அதைத்தான் சொல்வார்.

ஆனால் குளியலறைக் கதவை அவரும் பார்த்தார். உள்பக்கம், தரையில் இருந்து ஒரு சாண் உயரத்தில், நாலு கோடுகள். தையல்காரர்கள் துணியில் குறி போடும் நீல நிறச் சாக்பீஸால் இழுத்தவை. முதல் கோடு நேராக இருந்தது. இரண்டாவது கொஞ்சம் கோணல். நாலாவது பாதியில் சரிந்து தரையைத் தொட்டிருந்தது. நான் துடைத்தேன். காலையில் நாலும் அதே இடத்தில் இருந்தன. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மறுநாளும் இருந்தன.

கூடவே ஒரு வாடை. முதலில் தையல் மெஷின் எண்ணெயும் நனைந்த துணியும் கலந்ததுபோல வரும். அதற்கு அடியில் இன்னொன்று. அதற்குப் பேர் சொல்ல வேண்டியதில்லை. என் வேலையில் இருந்தவர்கள் ஒரு தடவை முகர்ந்தால் சாகும்வரை மறக்க மாட்டார்கள்.

நாலாம் நம்பரில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் தனியாக இருந்தார். மணி அடிக்கும் வேளையில் எல்லாம் அவர் ரேடியோவைச் சத்தமாக வைப்பதைக் கவனித்தேன். ஒருநாள் போய் அதை அணைத்தேன். மணிச் சத்தம் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து விழுந்தது.

"உங்களுக்கும் கேக்குது, இல்லையாண்ணா?"

அவர் தலை குனிந்துகொண்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உங்களுக்கு முன்னாடி அங்க ஒரு தையல்காரம்மா இருந்தாங்க சிஸ்டர். ஒண்டிக்கட்டை. ஒம்பது வருஷம் இருந்துட்டாங்க. 'இந்தம்மா போற வழியைக் காணோமே'ன்னு இந்தச் சிரிச்சமூஞ்சி என்கிட்டயே சொல்லியிருக்கான். ஒருநாள் பாத்ரூம்ல விழுந்துட்டாங்க. மணி அடிச்சிக்கிட்டே இருந்துது. நான் எழுந்து வந்தேன். அவன் அந்த ரூமுக்கு வெளித்தாழ்ப்பாள் போட்டுட்டு வர்றான். 'அம்மா தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காங்க, மணி ரிப்பேரு'ன்னான். அப்புறம் ஒயரை வெட்டிட்டான்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"அவன் என்னைப் பாத்தான். 'உங்களுக்கு இங்க வசதியா இருக்கில்ல?'ன்னு கேட்டான். அவ்வளவுதான் சிஸ்டர். இதை விட்டா எனக்குப் போக்கிடம் ஏது?" அவர் துண்டால் ரேடியோவைத் துடைத்தார். "நாலு நாள் கழிச்சுத் திறந்தான். டாக்டர் ஒருத்தர் வந்தாரு. கார்ல இருந்து இறங்கவே இல்லை. மாரடைப்புன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டாரு."

நாலு நாள். நாலு கோடு.

அன்றே கிளம்பிவிடலாம் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "கிளம்பி?" என்றார். இருந்ததை எல்லாம் இங்கே கட்டியாயிற்று. போலீசுக்குப் போகலாம் என்றால், உடம்பை எரித்து இரண்டு வருஷம். சாட்சி சொல்ல வேண்டியவர் ரேடியோவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார்.

அந்த மாதமே என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, மாத்திரையில் அடங்கிவிட்டது. ஆனால் மறுநாளே மேலாளர் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். கட்டிலில் படுத்திருந்தவரைத் தலையில் இருந்து கால்வரை பார்த்தார். நிலத்தை அளப்பவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"ஐயாவுக்கு ரொம்ப முடியலையோ?" என்றார். "பாத்ரூம் தாழ்ப்பாள் வேற லூசா இருக்குன்னீங்களே. நானே வந்து மாத்தித் தர்றேன்."

நான் அப்படிச் சொல்லவே இல்லை.

மூன்று நாள் கழித்து, மழை கொட்டிய ஒரு மதியம், ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். என் வீட்டுக்காரர் காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். மேலாளர் குளியலறைக்குள் போய்ப் பழைய தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்து, கதவருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் கையில் கொடுத்தார். "இதைக் கொஞ்சம் பிடிங்கம்மா. புதுசை வெளிப்பக்கமாவே போட்டுடறேன். அதான் வசதி."

வெளிப்பக்கம்.

நான் பதில் சொல்வதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

காற்று இல்லை. யாரும் தள்ளவில்லை. மெதுவாக, நோயாளி தூங்கும் அறையின் கதவைச் சாத்துவதுபோல.

உள்ளே இருந்து முதலில் சிரிப்பு வந்தது. "அம்மா, திறங்க. இறுகிக்கிச்சு." பிறகு தட்டினார். பிறகு உதைத்தார். பிறகு ஏதோ பெரிதாகக் கீழே விழும் சத்தம்.

பிறகு, மணி.

ஒயர் இல்லாத அந்த மணி வராந்தா முழுக்கக் கேட்டது. நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு மணியைக்கூட நான் அடித்துக்கொண்டே இருக்க விட்டதில்லை.

என் தோளில் ஒரு கை பட்டது.

குளிர்ந்த கை. ஆள்காட்டி விரலின் நுனி, ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போய்ச் சொரசொரப்பாக இருந்தது. காதருகில், நாலு நாள் தண்ணீர் காணாத நாக்கு பேசியது.

"உக்காரு."

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எழுந்திருக்க முடியாத அளவுக்கு அந்தக் கை கனமாக இல்லை.

நான் உட்கார்ந்தேன்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. "தண்ணி" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. குழாய் அவர் தலைக்கு மேலேயே திறந்து கொட்டிக்கொண்டிருந்தது, எனக்கே கேட்டது. ஆனாலும் அவர் தண்ணி, தண்ணி என்றார். தபால்காரர் குடையோடு வந்து வாசலில் நின்றார். கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் தோளுக்குப் பின்னாலும் பார்த்தார். அவர் முகம் வெளிறியது.

"ஏதாவது கேக்குதா சிஸ்டர்?"

"இல்லையேண்ணா."

"எனக்கும் கேக்கலை" என்று சொல்லிவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்தார். இந்தத் தடவை ரேடியோ வைக்கப் போகவில்லை.

விரல் ஓய்ந்தது. திரும்ப அழுத்தியது. ஓய்ந்தது. மழை விட்டபோது மணியும் நின்றது. தோளில் இருந்த குளிர் விலகியது.

கதவு தானாகத் திறந்தது. தாழ்ப்பாள் என் மடியில் கிடந்தது. அதாவது, அவ்வளவு நேரமும் அந்தக் கதவில் தாழ்ப்பாளே இல்லை.

மேலாளர் தரையில் கிடந்தார். விரல் பொத்தானின் மேல். நகங்கள் பிய்ந்திருந்தன. ஓடும் தண்ணீரில் கிடந்தவரின் உதடுகள் கோடைக் குளம்போல வெடித்திருந்தன. அவர் உள்ளே போய் மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் இறந்த உடம்புகளை எத்தனையோ குளிப்பாட்டியவள் நான். அது நாலு நாள் ஆன உடம்பு.

கதவின் உள்பக்கம் சுத்தமாக இருந்தது. நீலக் கோடு ஒன்றுகூட இல்லை.

வந்த போலீசார் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எப்போது நடந்தது என்று கேட்டார்கள். இன்று மதியம் என்றேன். தபால்காரரும் அதையே சொன்னார். எங்களை விநோதமாகப் பார்த்தார்கள். கடைசியில் ஏதோ எழுதிக்கொண்டு போனார்கள்.

மேலாளரின் உறவினர்கள் யாரும் அந்தக் கட்டடத்தைத் தொட முன்வரவில்லை. இப்போது குடியிருப்பவர்களே சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம். நாங்கள் ஒன்றாம் நம்பருக்கு மாறிவிட்டோம். ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறீர்கள் என்று மகள் கேட்கிறாள். வேறு எங்கே போவது? அது மட்டுமில்லை. அந்தம்மாவுக்கு எங்கள் மேல் கோபம் இல்லை என்று நான் நம்ப ஆரம்பித்திருந்தேன். வந்த வேலை முடிந்தது, போயிருப்பாள் என்றும் நினைத்தேன்.

போன வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். நல்ல வெயில். வராந்தாவில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வயதான ஒருவர் கைப்பெட்டியோடு இறங்கினார். நாலாம் நம்பர் வாசலில் இருந்த தபால்காரர் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்து, மெதுவாகத் தலையை ஆட்டினார். அவர்தான்.

"ஏழாம் நம்பர் எதும்மா?" என்றார் டாக்டர். நெற்றி வியர்த்திருந்தது. "காலையில இருந்து ஒரு அம்மா போன் பண்ணிக்கிட்டே இருக்காங்க. பாத்ரூம்ல விழுந்துட்டாங்களாம். குரலே வரலை பாவம். இந்தத் தடவை நீங்களே இறங்கி வந்து பாக்கணும்னு சொன்னாங்க."

அங்கே யாரும் இல்லை, திரும்பிப் போய்விடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். காலையில்தான் அந்த அறையை நானே பெருக்கிப் பூட்டிவிட்டு வந்திருந்தேன். சாவி என் கையில் இருந்தது.

ஈரத் துணியைக் கொடியில் போட்டு, சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டேன்.

"கடைசிக்கு முந்தின கதவு டாக்டர்" என்றேன். "திறந்துதான் இருக்கும், போங்க."

திறந்துதான் இருந்தது.