மிச்ச மருந்துக்கு ஒரு சாட்சி

புது வார்டில் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே பெரிய சிஸ்டர் மருந்தறையைத் திறந்து காட்டினாள். ஜன்னல் இல்லாத அறை. இரட்டைப் பூட்டுப் போட்ட இரும்பு அலமாரி, ஒரு மேஜை, மேஜைக்கடியில் மூடியிட்ட வெள்ளை டப்பா. ஸ்பிரிட் வாசனைக்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. ஈரத்துணியை நாள்கணக்கில் மூட்டை கட்டி வைத்தால் வருமே, அது.

வேலை என்னவோ எளிதுதான். வலி தாங்காத நோயாளிக்கு மார்பின் ஊசி போடுவார்கள். எல்லோருக்கும் ஒரு குப்பி முழுவதும் தேவைப்படாது, கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியதைத் தொட்டியில் ஊற்றக்கூடாது, சாக்கடைத் தண்ணீரில் கலந்துவிடும். குப்பையில் போட்டால் போதைக்கு அலைகிற எவனாவது பொறுக்கிக்கொண்டு போவான். அதனால் அந்த வெள்ளை டப்பாவுக்குள் பீய்ச்ச வேண்டும். உள்ளேயிருக்கும் பொடி மருந்தைக் குடித்துக் களிபோல் இறுகிவிடும். பிறகு யார் தலைகீழாக நின்றாலும் பிரித்தெடுக்க முடியாது. பீய்ச்சும்போது இன்னொரு நர்ஸ் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். பார்த்தேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். சட்டம் அப்படி.

ஆனால் பெரிய சிஸ்டருக்கு முழங்கால் வலி. சட்டம் அதற்கு வளைந்து கொடுத்திருந்தது. அன்றைக்கு முழுவதற்குமான சாட்சிக் கையெழுத்தைக் காலையிலேயே போட்டு வைத்துவிடுவாள்.

“சொட்டுக்குச் சொட்டு ஓடி வந்தா என் முட்டி தேஞ்சு போயிடும். நீ பாட்டுக்கு ஊத்து, நான் பாத்ததா வச்சுக்கோ.”

அவள் சிரித்து வைத்தாள். மனசு மட்டும் சிரிக்கவில்லை. அது வீட்டுக்குப் போய் அப்பாவின் கட்டிலருகே நின்றது.

அப்பாவுக்கு முதுகெலும்பில் புற்று. காலமெல்லாம் லாரி ஓட்டி, மலைப்பாதையில் பிரேக் போனபோதுகூட முகம் சுளிக்காத மனிதர். இப்போது டாக்டர் கொடுத்த மாத்திரை மத்தியானத்தோடு சரி. அதன்பிறகு, சத்தம் மகள் காதில் விழக்கூடாதென்று துண்டைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொள்வார். அவள் டாக்டரிடம் கெஞ்சிப் பார்த்தாள். அடுத்த வாரம் பார்த்துக் கூட்டலாம் என்றார் அவர். டாக்டருக்கு அது ஒரு வாரம்தான். அப்பாவுக்கு எத்தனை சாயங்காலம்!

முன்பிருந்த நர்ஸ் ஏன் போனாள் என்று அவள் கேட்டபோது பெரிய சிஸ்டர் பேச்சை மாற்றிவிட்டாள். தரை துடைக்கிற ஆயாதான் சொன்னாள். அந்த நர்ஸ் முதலில் மிச்சத்தை மட்டும் எடுத்துத் தனக்கே போட்டுக்கொண்டாளாம். பழகிப்போனதும் மிச்சம் போதவில்லை. நோயாளிக்கு வெறும் தண்ணீரை ஏற்றிவிட்டு முழுக் குப்பியையும் எடுத்துக்கொண்டாள். சுவரோரக் கட்டிலில் கிடந்தவர் வலி குறையவேயில்லை என்று அழுதார். ஊசி போட்டாயிற்று, மனுஷன் நடிக்கிறார் என்றார்கள் எல்லோரும். ஒருவரும் நம்பாமலே அவர் செத்துப்போனார். அவளை வேலையைவிட்டுத் துரத்தினார்கள். அந்தக் கட்டிலில் அதற்குப் பிறகு படுத்த யாரும் ஒரு ராத்திரி முழுக்க அங்கே இருக்கவில்லை.

“மருந்து ரூம்ல தனியா இருக்கோம்னு மட்டும் நெனக்காதம்மா,” என்றாள் ஆயா, துணியைப் பிழிந்துகொண்டே.

மழை கொட்டிய ஒரு பிற்பகலில் அம்மா போன் செய்தாள். பின்னாலிருந்து அப்பாவின் குரல் மட்டும் வந்தது. துண்டையும் மீறிய குரல்.

அவள் முடிவு செய்துவிட்டாள்.

மருந்தறைக் கதவைச் சாத்தினாள். சிரிஞ்சில் மிஞ்சியிருந்ததை அப்படியே மூடி பைக்குள் போட்டுக்கொண்டாள். வேறொரு சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து வெள்ளை டப்பாவுக்குள் பீய்ச்சினாள். பொடி அதையும் குடித்தது. காதும் காதும் வைத்தாற்போல் வேலை முடிந்தது. திருடி என்று தன்னைத்தானே சொல்லிப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது, ஆனாலும் கை பையைவிட்டு நகரவில்லை.

அந்த ஈர வாடை திடீரென்று தூக்கலாக அடித்தது.

யாரோ அவள் தோளுக்குப் பின்னாலிருந்து டப்பாவை எட்டிப் பார்த்தார்கள்.

கழுத்தில் மூச்சு பட்டது. திரும்பினாள். சாத்திய கதவும் சுவரும்தான்.

வெளியே மணி அடித்தது. நோயாளி கூப்பிடுகிற மணி. கதவைத் திறந்து வந்து பார்த்தாள். விளக்கு சுவரோரக் கட்டிலுக்கு மேலே எரிந்தது.

மற்றவர்கள் யாரும் தலை தூக்கவில்லை. பெரிய சிஸ்டர் மேஜையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். ஓடிவிட வேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள். நர்ஸுக்கு மணி கேட்டால் கால் தானாக நடந்துவிடும், அதுதான் நடந்தது. போய்த் திரையை விலக்கினாள்.

கட்டில் காலி.

விரிப்பு மட்டும் ஓர் ஆள் நீளத்துக்கு அழுந்தியிருந்தது.

“போடும்மா.”

குரல் தலையணையிலிருந்து வந்தது. அவள் பையை இறுக்கிப் பிடித்தாள்.

“இது எங்கப்பாவுக்கு,” என்றாள், உதடு மட்டும் அசைய.

குரல் மிரட்டவில்லை. ஒரு சத்தம் மட்டும் கேட்டது. பல்லுக்கிடையில் துணியைக் கடித்துக்கொண்டு ஒருவர் முனகுகிற சத்தம். தினமும் வீட்டில் கேட்கிற சத்தம். அதை எந்தக் கூட்டத்திலும் அவளால் அடையாளம் சொல்ல முடியும்.

அவளுக்கு அழுகை வந்தது. அப்பாவை நினைத்தாள். அன்றைய சாயங்காலத்தை நினைத்தாள். பிறகு சிரிஞ்சின் மூடியைக் கழற்றிவிட்டுக் கை இருக்க வேண்டிய இடத்தில் குனிந்தாள்.

வெற்றிடத்தில் ஊசி போகும்போது தோல் தடுத்தது.

மெல்ல அழுத்தினாள். மருந்து முழுவதும் இறங்கியது. விரிப்பில் ஒரு சொட்டு ஈரமில்லை. நீளமாக ஒரு பெருமூச்சு கேட்டது. அழுந்தியிருந்த விரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக மேலெழுந்து சமமாயிற்று.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவள் வெறும் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். உயிரோடிருக்கிற அப்பனுக்கு வைத்திருந்ததைச் செத்தவருக்குக் கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு அவர் எதிரில் போய் நிற்பது? தெருமுனையிலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டு நடந்தாள். முனகல் கேட்கவில்லை. அதில் இன்னும் பயந்து ஓடினாள்.

அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். போன் பண்ணிக் கொஞ்ச நேரத்தில் தானாகவே கண்ணயர்ந்துவிட்டாராம், எத்தனை நாளாயிற்று இப்படித் தூங்கி என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பாவின் முகத்தில் சுருக்கமே இல்லை. துண்டு காய்ந்து தலைமாட்டில் கிடந்தது. முழங்கையின் உள்பக்கம் ஒரு பஞ்சுத் துண்டு. அதன்மேல் வார்டில் ஒட்டுகிற அதே பிளாஸ்திரி.

“யாரும்மா வந்தா?”

“ஒருத்தரும் வரல. நான் வாசல விட்டு நகரவேயில்லையே.”

அவள் பிளாஸ்திரியைத் தொட்டுப் பார்த்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்து உட்காரப் போனாள்.

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் குரல் மட்டும் வந்தது.

“அதுல உக்காராதம்மா. ஆள் இருக்கு.”