கவிஞர் வகாருவின் ஒரே ஒலிநாடா

2014 ஆகஸ்ட் 12, செவ்வாய். இன்று ஒரு பிழை விட்டேன். தேநீர் இடைவேளையில் வகுப்பறையைப் பூட்டவில்லை.

நாட்குறிப்பில் எழுதிவிட்டுப் பிரணவி பேனாவை வைத்தாள். நடந்ததை முதலிலிருந்து ஒழுங்காக நினைத்துப் பார்த்தாள்.

பாட்டனி டவுன்ஸ் புறநகரில் மொழிபெயர்ப்பு மாலை வகுப்பு. ஆசிரியை லுமினிட்சா, அதிகம் பேர் அறியாத ருமேனியக் கவிஞர் வகாருவின் மகள். மூன்று மெல்லிய தொகுப்புகள் மட்டும் வெளியிட்டு இறந்துபோனவர் அவர். போன வாரம் வகுப்பில் அவருடைய கவிதை ஒன்றை ஆங்கிலம் வழியே தமிழாக்கினார்கள். கணவன் கொண்டுவந்த நான்கு பூக்களில் ஒன்றை நோயாளி மனைவி ஜன்னலுக்கு வெளியே எறிந்து, "நான் இன்னும் சாகவில்லை" என்கிறாள். இன்று அவருடைய குரலையே கேட்பதாக இருந்தது. அச்சேறாத கடைசிக் கவிதையை அவர் வாசித்த ஒரே கசெட்.

மணி 7.40. இடைவேளை முடிந்து வந்தால் டேப் ரெக்கார்டர் வாய் பிளந்து கிடக்கிறது. கசெட் இல்லை.

"அப்பாவின் குரல் எனக்கு வேறெங்கும் இல்லை" என்றார் லுமினிட்சா.

பிரணவி வாசலுக்கு எதிரேதான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே போனவர்கள் இரண்டே பேர். பென்ரோஸ் கிடங்கில் வேலை செய்யும் மலேசியத் தமிழர் அந்தோணிசாமி. இன்றுதான் முதன்முறை வந்த விக்டர்.

"அங்கிள், ஏன் உள்ளுக்குப் போனனீங்கள்?"

"கண்ணாடிய எடுக்கம்மா. கசெட்ட வச்சி நான் என்னா செய்ய? என் கார்ல ரேடியோவே பாடாது லா!"

விக்டர் சிரித்தான். "நான் ருமேனியத் தாய் வளர்த்த பிள்ளை. மொழி மறந்துவிட்டது. ஆனால் வீட்டில் ஊர் வழக்கம் ஒன்றையும் அம்மா விட்டதில்லை. ஆசிரியைக்குப் பூ வைக்கத்தான் போனேன்."

மேசையில் வெள்ளை ரோஜாக்கள். பிரணவி எண்ணினாள். தன்மேல் நம்பிக்கையில்லாமல் மறுபடி எண்ணினாள். பன்னிரண்டு. விக்டர் பக்கம் திரும்பினாள்.

"கசெட் உங்களிடம்தான் இருக்கிறது, விக்டர்."

"என்ன ஆதாரம்?"

"அந்த ஊரில் உயிரோடிருப்பவருக்கு ஒற்றைப்படையில்தான் பூ கொடுப்பார்கள். இரட்டைப்படை செத்தவருக்கு. கவிதையில் அந்த மனைவி எறிந்தது அதனால்தான். வழக்கம் விடாத அம்மா வளர்த்த பிள்ளை டீச்சருக்குப் பன்னிரண்டு கொண்டுவருமா? அம்மா கதை பொய். கசெட்டுக்காக இல்லையென்றால் அந்தப் பொய் எதற்கு?"

லுமினிட்சா அப்போதுதான் பூக்களைப் பார்த்தார். பார்வை விக்டரிடம் போய் நின்றது. அவன் கதவுப் பக்கம் நகர்ந்தான். அந்தோணிசாமி குறுக்கே நின்றார்.

"என்னப்பா அவசரம்? கோட்ட கழட்டு."

கசெட் உள்பையில் இருந்தது. வகாருவைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறானாம். கடைசிக் கவிதை அதில்தான் முதலில் வர வேண்டுமாம்.

லுமினிட்சா பொத்தானை அழுத்தினார். ஓர் இருமல். பிறகு குரல். கேட்கக் கேட்க ஒவ்வொரு வரியாகப் பலகையில் எழுதினார். கண்ணைத் துடைக்கவும் நிற்கவில்லை.

நினைவிலிருந்து மீண்டு பிரணவி பேனாவை எடுத்து நாட்குறிப்பில் எழுதினாள்.

நாளை: முதல் வரியைத் தமிழில் எழுத வேண்டும்.