விரிசலின் மேல் ஒரு கண்ணாடி

மழைக்கு ஒதுங்குகிறவன் மழையைப் பார்க்கலாம். நனைந்த சட்டையைப் பிழியலாம். எப்போது விடும் என்று வானத்தைத் திட்டலாம். இவன் என்னடாவென்றால், வைத்த கண் வாங்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்!

அது நூலகத்தின் வாசிப்புக் கூடம். அவள் நூலகர். யாராவது குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும், 'உஷ்...' என்று அவள் விரல் உதட்டுக்குப் போய்விடும். அதனால் வாசகர்கள் அவளுக்கு வைத்த பெயர் உஷ் மேடம். முகத்துக்கு நேரே சொல்லத்தான் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

'என்ன கண் இது... இமைக்கக்கூட மாட்டேன் என்கிறதே!' இமையோரத்தில் மழைத்துளி தங்கிய கண்கள். அவளை அறியாமலே கை போய் நெற்றி முடியை ஒதுக்கியது. உடனே தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

"சார், தண்ணி சொட்டுது. இது புத்தகம் இருக்கிற இடம்."

"ம்..." என்றான். பார்வை நகரவில்லை.

"அப்படி என்ன பாக்கறீங்க?"

"ஒரு நிமிஷம்... அசையாதீங்க." அவள் நெஞ்சு படபடத்தது. "இல்ல இல்ல, மெதுவா இந்தப் பக்கம் வந்துடுங்க. அந்த இடத்துல நிக்காதீங்க."

"ஏன்?"

"உங்க தலைக்கு மேல பெரிய விரிசல் ஓடுதுங்க."

அட கடவுளே! அவன் பார்த்தது அவளை அல்ல. 'வாசிக்க வாருங்கள்' என்று எழுதிய துணிப் பதாகை மின்விசிறிக் காற்றில் தூக்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் கூரையில் ஓடிய கறுப்புக் கோட்டைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான். வெட்கம் முகத்துக்கு ஏறுவதற்குள் பயம் முந்திக்கொண்டது. பதாகையை அங்கே கட்டியவளே அவள்தான். எதை மறைக்கக் கட்டினாளோ அதை வழியோடு போகிறவன் கண்டுபிடித்துவிட்டான்.

"நீங்க யாரு?"

"பக்கத்துத் தெருவுல ஒரு கட்டடம் எழும்புதே, அதோட இன்ஜினியர். மாடியில என்ன வெச்சிருக்கீங்க?"

மாடியில் இருந்தது அவள் உயிர். அந்த ஊரின் சின்னச் சின்ன அச்சகங்களில் பிறந்து மறைந்த பத்திரிகைகள், நாடக நோட்டீசுகள், உள்ளூர்க்காரர்கள் எழுதித் தாங்களே அச்சடித்த கதைகள், பாட்டுகள். உலகத்தில் வேறெங்கும் இன்னொரு பிரதி கிடையாது. முன்பு எல்லாம் கீழ்த்தளத்துப் பின்னறையில்தான் இருந்தன. சுவரில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியதும் அத்தனையையும் மாடிக்கு ஏற்றிவிட்டாள். 'பொக்கிஷத்தைக் காப்பாற்றினீர்கள்' என்று நூலகக் குழு பாராட்டக்கூடச் செய்தது.

மாடி அறையை எட்டிப் பார்த்த இன்ஜினியர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இது நாலு பேர் உக்காந்து பேசறதுக்குக் கட்டின ரூம்ங்க. காகிதம் என்ன கனம் கனக்கும் தெரியுமா? பூஞ்சைக்குப் பயந்து, இவ்வளவு பாரத்தையும் கீழ இருக்கிறவங்க தலை மேல ஏத்தி வெச்சிருக்கீங்களே!"

கீழே தினமும் மாலையில் கூட்டம் கூடுகிற இடமாயிற்றே. தையல் கடை வைத்திருக்கும் டெய்லர் அண்ணன் வந்து, மாடியிலிருந்து எடுத்த பழைய கதை ஒன்றை உரக்கப் படிப்பார். காய்கறிக்கடை அக்கா, பஸ் கண்டக்டர், படிக்கத் தெரியாதவர்கள், படித்துப் படித்துக் கண் மங்கியவர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். முதல் நாற்காலியில் அவளுடைய அப்பா. பார்வை போனபின் அவருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் வெளிச்சம். அந்த நாற்காலி இருப்பது விரிசலுக்கு நேர் கீழே.

"மேல் ஆபீசுக்குச் சொல்லிடாதீங்க சார்..." கெஞ்சினாள். "சொன்னா சீல் வெச்சிடுவாங்க. பூட்டின லைப்ரரியை இந்த உலகத்துல யாரு சார் மறுபடி திறந்திருக்காங்க?"

அவன் அவளை அப்போதுதான் முதல்முறையாக நேராகப் பார்த்தான். நிரம்பி நின்ற அந்தக் கண்களைப் பார்த்த பிறகு, பாவம், அவனால் என்ன சொல்ல முடியும்?

மறுநாள் மேஸ்திரியோடு வந்தான். ஏணி போட்டு ஏறி, விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையையும் சாந்து பூசி ஒட்டினான்.

"விரிசல் ஒரு முடி அளவு நகந்தாலும் இது உடைஞ்சிடும். உடையாம இருந்தா இது பழைய விரிசல், மெதுவா வேலை பாத்துக்கலாம். உடைஞ்சா... அந்த நிமிஷமே எல்லாரையும் வெளிய அனுப்பணும். நாற்காலியெல்லாம் சுவரோரமா போடுங்க. சரிதானே?"

"சரி..."

"சத்தியமா?"

"சத்தியமா."

அன்றிலிருந்து அவளுக்குக் காலையில் கதவைத் திறப்பதே கண்டம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பாள். கண்ணாடி முழுசாக மின்னும். 'அப்பாடா!' என்று மூச்சு வரும். மாலையானால், செருப்பு கீச்சிட, அவன் வருவான். கண்ணாடியைப் பார்ப்பான், தலையாட்டுவான், பிறகு போகாமல் நின்று டெய்லர் அண்ணன் படிப்பதைக் கேட்பான்.

"அந்தக் கீச்சுச் செருப்பு வந்துடுச்சு போலிருக்கே?" என்பார் அப்பா.

"அப்பா... உஷ்!"

"உன் நடை மாறுது, செருப்பு வந்ததும். எனக்குக் கண்ணுதான் தெரியாது."

அவள் முகம் குப்பென்று சிவக்கும். நல்லவேளை, அப்பாவுக்குத் தெரியாது. அந்தச் செருப்புக்காரனுக்கு மட்டும் எப்படியோ தெரிந்து, குனிந்து சிரித்துக்கொள்வான்.

ஆனால் பயம் போகவில்லை. மழை வலுத்தால் மாடியில் எங்கோ 'கிர்ர்...' என்று ஒரு முனகல். தனக்கு மட்டும் கேட்கிறதா, நிஜமாகவே கேட்கிறதா? சோறு இறங்கவில்லை. தூக்கத்தில் புத்தகங்கள் சரிந்தன.

ஒரு மத்தியானம் அவன்தான் பேச்சை எடுத்தான். "எவ்வளவு நாள் இப்படிப் பயந்துட்டே இருப்பீங்க? தலைநகர்ல பெரிய ஆவணக்காப்பகம் இருக்கு. மாடியில இருக்கிறதை மொத்தமா அங்க குடுத்துடுங்க. பத்திரமா இருக்கும்."

அவளுக்குச் சுருக்கென்றது. "அங்க பத்திரமா இருக்கும். யாரு படிப்பா? எங்க டெய்லர் அண்ணன் அங்க போய்ப் படிப்பாரா? இது இந்த ஊரோட குரல் சார். இங்கதான் கேக்கணும்."

"குரல் இருந்து என்னங்க... கேக்கறவங்க உயிரோட இருக்க வேண்டாமா?"

உண்மை. உண்மை என்பதால்தான் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"மழைக்கு ஒதுங்கினவர், மழை விட்டதும் போயிருக்கணும்!"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் நிமிர்ந்து கண்ணாடியை ஒருமுறை பார்த்தான். போய்விட்டான்.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. போன் நம்பர் இருந்தது; கைதான் போகவில்லை. 'நான் ஏன் கூப்பிடணும்? அவர்தான் வரட்டுமே...' வீம்பு! அந்த வீம்பை வைத்துக்கொண்டு வாசலையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்த மழை வந்தது. மத்தியானமே இருட்டிக்கொண்டு, காற்றும் கூடச் சேர்ந்துகொண்டு... ஜன்னல் வழியே சாரல் அடிக்க, சுவரோரம் உட்கார்ந்தவர்கள் நாற்காலியை இழுத்து இழுத்து நடுக்கூடத்துக்கே வந்துவிட்டார்கள். அவள் மாடி ஜன்னல்களைச் சாத்திவிட்டு இறங்கி வந்து பார்த்தபோது, எல்லாரும் விரிசலுக்குக் கீழே. டெய்லர் அண்ணன் கதையின் உச்சத்தில் இருந்தார். ஒருவரும் மூச்சு விடவில்லை.

'டிக்.'

மெல்லிய சத்தம். உஷ் மேடம் பழக்கி வைத்த அமைதி இல்லாவிட்டால் அது யார் காதிலும் விழுந்திருக்காது.

"என்னமோ கண்ணாடி விட்டுச்சே..." என்றார் அப்பா.

நிமிர்ந்தாள். கண்ணாடித் துண்டின் குறுக்கே ஒரு கோடு.

இப்போது வாயைத் திறந்தால் நாளை இந்தக் கதவில் பூட்டுத் தொங்கும். திறக்காவிட்டால்... அப்பா தலையைச் சாய்த்து அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்.

"எல்லாரும் வெளிய வாங்க!" நூலகத்துக்குள் அவள் கத்தியது அதுதான் முதல்முறை. "படிச்சது போதும் அண்ணே! ஓடுங்க! நடுவுல போகாதீங்க, சுவரோரமா... அக்கா, பையை விடுங்க, வாங்க!"

உஷ் மேடமே கத்துகிறாள் என்றால் சும்மா இருக்குமா? ஏன் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவளும் ஓடினாள். தெருவுக்கு வந்ததும் விரல் தானாக அந்த நம்பரை அழுத்தியது. வீம்பாவது ஒன்றாவது!

"உடைஞ்சிடுச்சு..." அதற்குமேல் பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது.

"நீங்க எங்க இருக்கீங்க? உள்ளயா?"

"வெளிய... எல்லாரும் வெளிய."

"உள்ள போகாதீங்க. இதோ வந்துட்டேன்!"

லாரியில் கூரையைத் தாங்கும் இரும்பு முட்டுகளை ஏற்றிக்கொண்டு, மேஸ்திரியோடும் ஆட்களோடும் வந்து குதித்தான். ஆட்களை வாசலில் நிறுத்திவிட்டு, "முதல் முட்டு நிக்கற வரைக்கும் யாரும் வரவேண்டாம்" என்று தான் மட்டும் உள்ளே போனான். மேஸ்திரி அவனுக்குப் பின்னாலேயே நுழைந்துவிட்டார்.

அவள் மழையில் நின்றாள். உள்ளே இரும்பு உரசும் சத்தம். மேலேயிருந்து பொலபொலவென்று காரை உதிர்ந்தது. 'நூலகம் போனால் போகட்டும்... அவர் வந்துவிடட்டும். அவர் மட்டும் வந்துவிடட்டும்...' மனசு இதைச் சொன்னதைக் கேட்டு அவளே திகைத்துப் போனாள். இத்தனை நாள் எதற்காகப் பயந்தாளோ அதையே ஒரு நொடியில் விட்டுக்கொடுத்துவிட்டாளே!

"முட்டு நின்னுடுச்சு!" உள்ளிருந்து குரல் வந்தது. ஆட்கள் ஓடினார்கள். ஒன்று, இன்னொன்று என்று கூடம் முழுக்க முட்டுகள் எழுந்தன. சுண்ணாம்பு பூசியவன் மாதிரி அவன் வெளியே வந்தான்.

"இப்போ தாங்கும். ஆனா மேல இருக்கிற பாரம் இன்னிக்கே இறங்கணும். எங்க வெக்கலாம்?"

எங்கே வைப்பது? பின்னறையில் ஈரம். தெருவில் மழை. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கூட்டத்தைப் பார்த்தாள். மாடியில் இருந்த ஒவ்வொரு தொகுப்பின் மேலும் 'வெளியே கொடுக்கப்பட மாட்டாது' என்று முத்திரை குத்தியவள் அவள். குழுத் தலைவர் கேட்டபோதுகூட அசைந்து கொடுக்காதவள்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க," என்றாள். "உங்களால எவ்வளவு முடியுமோ... நனையாம பாத்துக்குங்க. நான் கேக்கும்போது திருப்பிக் குடுத்தா போதும்."

முட்டுகள் தாங்கிய தளத்தில், சுவரோரமாக ஒவ்வொருவராக நடந்து ஆட்கள் எடுத்துத் தர, படிக்கட்டில் கைக்குக் கை மாறி ஊரின் பழைய குரல்கள் இறங்கி வந்தன. கண்டக்டர் தன் மழைக்கோட்டைக் கழற்றிப் புத்தகங்களுக்குப் போர்த்தினார். காய்கறிக்கடை அக்கா தள்ளுவண்டியைக் காலி செய்து தார்ப்பாயோடு கொண்டுவந்தாள். "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா, ஆனா ஒரு தாள் கசங்காது" என்றாள். டெய்லர் அண்ணன் பாதியில் நின்ற கதையை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

கடைசி வண்டி கிளம்பியதும் மேஸ்திரி பீடியைத் தேடிக்கொண்டே சொன்னார். "கெட்டிக்காரப் பொண்ணும்மா நீ. எங்க சாரும் இருக்காரே... இங்க வராத ரெண்டு நாளும் சைட்ல எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தாரு. அந்தக் கண்ணாடியை வாரத்துக்கு ஒருக்கா பாத்தா போதும். இவரு தினமும் கிளம்பிடுவாரு!"

"மேஸ்திரி!" என்று அவன் அதட்டினான். காது மடல் சிவந்திருந்தது.

மறுநாள் காலை அவளே ஆபீசுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். பதாகை கட்டியதைக்கூட மறைக்கவில்லை. அதிகாரி வந்து திட்டினார், வாங்கிக்கொண்டாள். முட்டுகளைத் தட்டிப் பார்த்தார், காலியான மாடியைப் பார்த்தார். "கூடத்தை மட்டும் பூட்டுங்க. பழுது பாத்ததும் திறக்கலாம். வராந்தாவுல உங்க வேலை நடக்கட்டும்" என்றார். அவள் அங்கேயே படியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அன்று மாலை வராந்தாவில் கூட்டம் வழிந்தது. புத்தகம் கொண்டுபோன வீடுகளிலிருந்து புது முகங்கள். பாதிக் கதை மிச்சமிருந்தது. மழையும் வந்தது. கூடவே கீச்சுச் செருப்பும்.

படியோரம் நின்றான். அவளைப் பார்த்தான். வைத்த கண் வாங்கவில்லை.

அவளுக்குத் திக்கென்றது. சட்டென்று நிமிர்ந்து வராந்தாக் கூரையைப் பார்த்தாள். "ஐயோ... இங்கயும் விரிசலா?"

"இல்லங்க." மெதுவாகச் சொன்னான். "இந்தத் தடவை உங்களைத்தான் பாக்கறேன்."

அவன் ஒரு படி ஏறி வந்தான்.

"எத்தனையோ கட்டடத்துக்குள்ள தைரியமா போயிருக்கேன். நேத்து உள்ள நிக்கும்போது பயந்துட்டேன்ங்க... வெளிய நீங்க நிக்கறீங்களேன்னு. உங்ககிட்ட சொல்லாமலே போயிடுவேனோன்னு. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. கண்ணாடியெல்லாம் சும்மா சாக்கு."

அவள் சேலை நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"உஷ்!" என்றார் அப்பா, முதல் நாற்காலியிலிருந்து. "கதை நடக்குது. பதில் சொல்றதுன்னா சீக்கிரம் சொல்லிட்டு வந்து உக்காரும்மா."

வராந்தா முழுக்கச் சிரித்தது. அவள் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. இத்தனை நாள் பயந்தது போதும் என்றிருந்தது. அவனுக்கு மட்டும் கேட்கும்படி குனிந்து சொன்னாள்:

"வாரத்துக்கு ஒருக்கா எல்லாம் எனக்குப் போதாது... தினமும் வாங்க."